யூரியா 90: வீட்டுக்கு அனுப்பும் நாளில் ரத்தம் என்ன சொல்கிறது

மூச்சு வாங்கி அட்மிட் ஆன எண்பது வயதுக்காரரின் ஃபைலைப் புரட்டினால், முதல் நாள் எடுத்த என்டி-ப்ரோபிஎன்பி (இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்தச் சோதனை) எண்ணைச் சுற்றி யாராவது சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார்கள். 9,400 என்று இருக்கும். பக்கத்திலேயே "125-க்குள்" என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் பதறுவார்கள். மூச்சுத்திணறல் நுரையீரலால் வந்ததா, இதயத்தால் வந்ததா என்று பிரிக்க அந்த எண் உதவியது. அடுத்த ஆறு மாதம் எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள அது போதாது. அதற்குப் பார்க்க வேண்டியது வீட்டுக்கு அனுப்பும் நாளில் எடுத்த ரத்தம். பல ஃபைல்களில் அந்த நாளின் ரிப்போர்ட்டே இருக்காது. வீக்கம் வடிந்தது, மூச்சு சீரானது, பில் கட்டியாயிற்று, கிளம்பியாயிற்று.

முதியோருக்கு இதயச் செயலிழப்பில் முன்கணிப்புச் சொல்லும் ரத்தக் குறிகாட்டிகள் என்று இன்றைக்கு ஒரு நீண்ட பட்டியலே உண்டு. அதில் பாதி நம் ஊர் லேப்களில் கிடைக்காது. கிடைக்கும் பாதியில் பெரும்பகுதி ஏற்கெனவே ஃபைலில் இருக்கிறது. யாரும் அந்தக் கண்ணோடு படிப்பதில்லை, அவ்வளவுதான். இந்தப் பதிவு அந்த ஃபைலைப் படிப்பது பற்றி. முதியவர்களைப் பார்க்கும் பொது மருத்துவர்களுக்கும், வார்டில் புதிதாகச் சேர்ந்த ஹவுஸ் சர்ஜன்களுக்கும், ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலையும் பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன். மருந்தின் அளவை இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் மாற்ற வேண்டாம்.

முதலில் அந்த 9,400

இதயத்தின் அறைச்சுவர் இழுபடும்போது தசைச் செல்கள் ப்ரோபிஎன்பி என்ற 108 அமினோ அமிலச் சங்கிலியைச் சுரக்கின்றன. அது இரண்டாக வெட்டுப்படுகிறது. 32 அமினோ அமிலம் கொண்ட துண்டு பிஎன்பி. வேலை செய்வது அதுதான். மீதி 76 உள்ள துண்டு என்டி-ப்ரோபிஎன்பி. அதற்கு வேலை இல்லை, ஆனால் அளப்பதற்கு வசதி. பிஎன்பி ரத்தத்தில் சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். என்டி-ப்ரோபிஎன்பிக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே இரண்டும் ஒரே எண் அல்ல. போன முறை பிஎன்பி 600, இந்த முறை என்டி-ப்ரோபிஎன்பி 3,000 என்றால் நோய் ஐந்து மடங்கு முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. சோதனை மாறியிருக்கிறது. ரிப்போர்ட்டில் பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

இதயச் செயலிழப்புக்கான சாகுபிட்ரில்-வால்சார்டான் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். பிஎன்பியை உடைக்கும் நெப்ரிலைசின் நொதியைத்தான் சாகுபிட்ரில் தடுக்கிறது. எனவே நோயாளி தேறிவரும்போதே பிஎன்பி கொஞ்சம் ஏறலாம். என்டி-ப்ரோபிஎன்பியை அந்த நொதி தொடுவதில்லை. இந்த மருந்தில் இருப்பவருக்கு எப்போதும் என்டி-ப்ரோபிஎன்பி மட்டுமே எடுக்க வேண்டும்.

அச்சில் இருக்கும் அந்த 125, திடீர் மூச்சுத்திணறல் இல்லாமல் புறநோயாளியாக வருபவருக்கு "இதயச் செயலிழப்பு இல்லை" என்று ஒதுக்க உதவும் எல்லை. அவசரப் பிரிவில் ஒதுக்குவதற்கு 300. "ஆம், இதயம்தான்" என்று உறுதி செய்ய வயதைப் பார்க்க வேண்டும்: 50-க்குக் கீழ் 450, 50 முதல் 75 வரை 900, 75-க்கு மேல் 1,800. வயதானாலே இந்த எண் ஏறும். கிட்னி மந்தமாகும், இதயம் விறைக்கும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு சேர்ந்துகொள்ளும். இந்தத் துடிப்பு உள்ளவர்களுக்கு எண் எவ்வளவு தூரம் வேறுபடும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். எம்பரர்-ப்ரிசர்வ்டு மருந்தாய்வில் நோயாளிகளைச் சேர்க்க, சீரான துடிப்பு உள்ளவர்களுக்கு 300-க்கு மேல் என்றும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு 900-க்கு மேல் என்றும் வைத்தார்கள். உடல் பருமன் எதிர்த்திசையில் இழுக்கும். பருத்தவருக்கு நெஞ்சு நிறைய நீர் இருந்தும் எண் சாதுவாக இருக்கும். மெலிந்து எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு எண் கூடுதலாகவே காட்டும்.

இவ்வளவு சிக்கல் இருப்பதால்தான், ஒரே நாள் எடுத்த தனி எண்ணைவிட அதே ஆளின் இரண்டு எண்களுக்கு இடையிலான மாற்றம் அதிகம் சொல்கிறது. கிட்னியும் எடையும் வயதும் இரண்டு முறையும் கிட்டத்தட்ட அதேதான். மாறியது நீர்ச்சுமை. நடைமுறைக் கணக்கு எளிது: அட்மிஷன் எண்ணிலிருந்து டிஸ்சார்ஜ் எண் 30%-க்கு மேல் இறங்கியிருந்தால் நல்ல அறிகுறி. 9,400 என்று வந்தவர் 6,500-க்குக் கீழே போய்க் கிளம்ப வேண்டும். 8,600-ல் கிளம்பினால், கால் வீக்கம் வடிந்திருந்தாலும் உள்ளே சுமை குறையவில்லை என்று பொருள். அவரை ஒரு மாதம் கழித்து வரச் சொல்வது தவறு. ஒரே வாரத்தில் பார்க்க வேண்டும்.

மாற்றம் மட்டும் போதாது, எங்கே வந்து நின்றது என்பதும் முக்கியம். ஐரோப்பாவில் பல ஆய்வுகளின் நோயாளிகளைச் சேர்த்து 2014-ல் வெளியான எலான்-எச்எஃப் மதிப்பெண் முறை இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. 30% அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கினால் ஒரு புள்ளி. டிஸ்சார்ஜ் எண் 1,500 முதல் 5,000 வரை இருந்தால் ஒரு புள்ளி, 5,000-க்கு மேல் மூன்று, 15,000-க்கு மேல் நான்கு. பிறகு வயது 75 அல்லது மேல், கால் வீக்கம், மேல் ரத்த அழுத்தம் 115 அல்லது கீழ், சோடியம் 135-க்குக் கீழ், யூரியா உயர்வு, கிளம்பும்போதும் சின்ன வேலைக்கே மூச்சு வாங்குவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கூட்டுத்தொகை ஏற ஏற, அடுத்த 180 நாட்களில் இறக்கும் வாய்ப்பு ஏறுகிறது. இதில் விலை உயர்ந்த சோதனை ஒன்றே ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

யாரும் கவனிக்காத யூரியா

நம்மூரில் "யூரியா கிரியேட்டினின்" என்று ஒரே மூச்சில் சொல்லி, கிரியேட்டினினை மட்டும் படிப்பது வழக்கம். இதயச் செயலிழப்பில் இது தலைகீழ். அமெரிக்காவின் அட்ஹியர் பதிவேட்டில் முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அட்மிஷன்களை அலசி 2005-ல் வெளியிட்டபோது, ஆஸ்பத்திரியிலேயே இறப்பவர்களைப் பிரித்துக்காட்டுவதில் எல்லாவற்றையும் முந்தியது யூரியா நைட்ரஜன். எல்லை 43 மி.கி./டெ.லி. அடுத்து மேல் ரத்த அழுத்தம் 115. மூன்றாவதாகத்தான் கிரியேட்டினின், 2.75. முதல் இரண்டும் நல்ல பக்கத்தில் இருந்தவர்களில் 2.1% பேர் இறந்தார்கள். மூன்றும் கெட்ட பக்கத்தில் இருந்தவர்களில் 21.9% பேர்.

இங்கே ஒரு சிக்கல். நம் லேப்களில் பெரும்பாலும் அச்சாவது யூரியா நைட்ரஜன் அல்ல, முழு யூரியா. நைட்ரஜன் எண்ணை 2.14-ஆல் பெருக்கினால் யூரியா வரும். 43 என்பது நம் ரிப்போர்ட்டில் சுமார் 92. மேலே சொன்ன எலான் முறை யூரியாவை வேறு அலகில் அளக்கிறது: லிட்டருக்கு 15 மில்லிமோல். அதையும் நம் அலகுக்கு மாற்றினால் 90. ஒன்று அட்மிஷன் நாள், இன்னொன்று டிஸ்சார்ஜ் நாள். ஒன்று அமெரிக்கா, இன்னொன்று ஐரோப்பா. எல்லை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுகிறது. யூரியா 90 என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஏன் யூரியா? இதயம் போதிய ரத்தத்தைத் தள்ளாதபோது உடல் "தண்ணீரைப் பிடித்து வை" என்ற கட்டளையில் இயங்குகிறது. ரெனின், வாசோபிரசின், அட்ரினலின் வகை ஹார்மோன்கள் எல்லாம் ஏறுகின்றன. சிறுநீரகக் குழாய்கள் தண்ணீரோடு சேர்த்து யூரியாவையும் திரும்ப உறிஞ்சுகின்றன. கிரியேட்டினினை அப்படி உறிஞ்சுவதில்லை. எனவே வடிகட்டும் திறனோடு உடலின் அந்தப் பதற்றத்தையும் சேர்த்துக் காட்டுவது யூரியா. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. குடலில் ரத்தக் கசிவு, ஸ்டீராய்டு மாத்திரை, நீர் போக்கும் லேசிக்ஸ் மாத்திரை அதிகமாகி உடல் வறண்டுபோவது ஆகியவையும் யூரியாவை ஏற்றும். கஞ்சியும் ரசமும் தவிர எதுவும் இறங்காத பாட்டிக்கு, புரதமே உள்ளே போகாததால், யூரியா பொய்யாகக் குறைந்திருக்கும்.

வறட்சியா, தேக்கமா என்று பிரிக்க மற்ற எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். யூரியா ஏறியிருக்கிறது, கூடவே ஹீமோகுளோபினும் அல்புமின் என்ற ரத்தப் புரதமும் முன்பைவிட ஏறியிருக்கின்றன, எடை இறங்கியிருக்கிறது, எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது என்றால் வறட்சி. லேசிக்ஸைக் குறைக்க வேண்டும். யூரியா ஏறியிருக்கிறது, சோடியம் இறங்கியிருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, என்டி-ப்ரோபிஎன்பி இறங்கவில்லை என்றால் தேக்கம். லேசிக்ஸைக் கூட்ட வேண்டும். யூரியாவை மட்டும் பார்த்து "கிட்னி போகுது, லேசிக்ஸை நிறுத்துங்க" என்று இரண்டாம் வகை நோயாளிக்குச் சொல்வதுதான் நான் பார்க்கும் மறுஅட்மிஷன்களில் தவிர்த்திருக்கக்கூடிய காரணங்களில் முதன்மையானது.

கிரியேட்டினின் முதியவர்களிடம் ஏமாற்றும். அது தசையிலிருந்து வருவது; தசை கரைந்தவரிடம் அது ஏறாது. எண்பது வயதுப் பெண்ணுக்கு 1.0 என்றால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து வராது, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கிட்னியின் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடும் 2021 சிகேடி-ஈபிஐ சூத்திரத்தில் போட்டால் 57. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு உண்மையில் அதைவிடவும் குறைவாக இருக்கலாம். தசையைச் சாராத சிஸ்டாட்டின்-சி இதற்குச் சரியான மாற்று. முதியவர்களில் இறப்பைக் கணிப்பதிலும் கிரியேட்டினினைவிட அது மேல். பெரிய லேப்களில் கிடைக்கிறது. ஒருமுறையாவது எடுத்துப் பார்ப்பது மருந்து அளவுகளைச் சரிசெய்ய உதவும்.

சிகிச்சையின்போது கிரியேட்டினின் கொஞ்சம் ஏறினால் பயப்பட வேண்டியதில்லை. நீர் வடிந்து, மூச்சு சீராகி, என்டி-ப்ரோபிஎன்பி இறங்கும்போது கிரியேட்டினின் 1.2-லிருந்து 1.5 ஆனால் அது கெட்ட முன்கணிப்பு இல்லை. நீர் வடியாமலே ஏறினால்தான் ஆபத்து. ராமிப்ரில், சாகுபிட்ரில்-வால்சார்டான் போன்றவற்றைத் தொடங்கியபின் பழைய அளவிலிருந்து 50% வரை, ஆனால் 3 மி.கி.யைத் தாண்டாமல், ஏறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே ஐரோப்பிய வழிகாட்டுதல், பொட்டாசியம் 5.5 வரை. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைகளைத் தொடங்கிய முதல் வாரங்களில் வடிகட்டும் வேகத்தில் வரும் சின்ன இறக்கமும் இப்படித்தான்.

சோடியம்

135-க்குக் கீழே இறங்கினாலே முன்கணிப்பு மங்குகிறது. 130-க்குக் கீழ் என்றால் இன்னும். காரணம் உப்புக் குறைவு அல்ல, தண்ணீர்க் கூடுதல். வாசோபிரசின் ஏறி தண்ணீரைப் பிடித்துவைப்பதால் உப்பு நீர்த்துப்போகிறது. "சோடியம் கம்மி, உப்பு சேர்த்துச் சாப்பிடுங்க" என்று இவர்களுக்குச் சொன்னால் அடுத்த வாரம் ஆம்புலன்ஸில் வருவார்கள்.

ஆனால் முதியவரின் குறைந்த சோடியம் எல்லாமே இதயத்தின் கணக்கில் வராது. ஹைட்ரோகுளோரோதயசைடு, மெட்டோலசோன் என்ற நீர் மாத்திரைகள், மனச்சோர்வுக்கான மாத்திரைகள் எல்லாம் சோடியத்தை இறக்கும். சர்க்கரை 400 இருந்தால் சோடியம் பொய்யாகக் குறையும்; 100-க்கு மேலுள்ள ஒவ்வொரு 100-க்கும் குறைந்தது 1.6 சேர்த்துக்கொள்ள வேண்டும். அதாவது சர்க்கரை 400-ல் சோடியம் 131 என்றால் உண்மையில் கிட்டத்தட்ட 136. மருந்தால் இறங்கிய சோடியம், மருந்தை மாற்றினால் ஏறிவிடும். இதயத்தால் இறங்கியது, இதயம் தேறினால்தான் ஏறும்.

சிபிசி தாளில் ஒளிந்திருப்பவை

சிபிசி என்பது ரத்த அணுக்களை எண்ணும் சோதனை. அதில் ஹீமோகுளோபின் ஆணுக்கு 13-க்கும், பெண்ணுக்கு 12-க்கும் கீழ் என்றால் ரத்தசோகை. அதற்கும் கீழே, யாரும் படிக்காத வரியில் ஆர்டிடபிள்யூ என்று ஒன்று இருக்கும். சிவப்பணுக்களின் அளவில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்பதைச் சொல்லும் எண், பொதுவாக 11.5 முதல் 14.5 வரை. சார்ம் என்ற பெரிய மருந்தாய்வின் தரவை 2007-ல் அலசியபோது, முன்கணிப்பில் மிக வலுவான குறிகாட்டிகளில் ஒன்றாக எதிர்பாராமல் மேலே வந்தது இதுதான். தனிச் செலவே இல்லை. சிபிசியோடு இலவசமாக வருகிறது. இரும்புக் குறைவு, அழற்சி, சத்துக்குறைவு, கிட்னி எல்லாம் சேர்ந்து சிவப்பணு உற்பத்தியைக் குலைப்பதன் மொத்த முத்திரை அது. அதனால்தான் அதை வைத்துச் சிகிச்சை எதுவும் செய்ய முடியாது. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலும், பி12 ஊசி தொடங்கியிருந்தாலும் அது பொருளற்றுப்போகும்.

சிகிச்சை செய்யக்கூடியது இரும்பு. ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) 100-க்குக் கீழ், அல்லது 100 முதல் 299 வரை இருந்து டிரான்ஸ்ஃபெரின் நிறைவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) 20%-க்குக் கீழ் என்றால் இதயச் செயலிழப்பில் இரும்புக் குறைவு என்று கொள்வது வழக்கம். ஃபெரிட்டின் அழற்சியில் ஏறும் என்பதால் இரண்டில் நான் முதலில் பார்ப்பது நிறைவைத்தான். கணக்கு: இரும்பை மொத்த இரும்பு பிணைப்புத் திறனால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். இரும்பு 38, பிணைப்புத் திறன் 310 என்றால் 12%. ஹீமோகுளோபின் 12.8 இருந்தாலும் இது குறைவுதான். இரும்பு மாத்திரை இங்கே உதவாது. 2017-ல் வெளியான அயர்ன்அவுட் ஆய்வில் 16 வாரம் தினமும் இரண்டு வேளை 150 மி.கி. கொடுத்தும் உடல் திறன் கூடவில்லை. அழற்சியால் ஏறும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் குடலில் கதவை அடைத்துவிடுகிறது. இதயத்தின் தள்ளும் திறன் குறைந்தவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் போன்ற இரும்புதான் பலன் தருகிறது. முதியவருக்கு இரும்பு ஏன் குறைந்தது என்று குடலைப் பார்ப்பதையும் மறக்கக்கூடாது. ஆஸ்பிரின், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை இரண்டும் சேர்ந்திருந்தால் கண்டிப்பாக.

அல்புமினும் வீக்கம் மறைக்கும் மெலிவும்

எண்பது வயதில் இதயச் செயலிழப்போடு இருப்பவரை வீழ்த்துவது பல நேரம் இதயம் அல்ல, மெலிவு. அதை ரத்தத்தில் காட்டுவது அல்புமின். 3.5-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். பசியின்மை, வீங்கிய குடலும் கல்லீரலும், சிறுநீரில் புரதம், தொற்று, நீர் தேங்கி நீர்த்துப்போவது என்று பல வழிகளில் அது குறையும்.

இதை எடையோடு சேர்த்துப் பார்க்க ஒரு எளிய சூத்திரம் 2005-ல் பிரான்சில் உருவானது. முதியோர் ஊட்ட அபாயக் குறியீடு என்று சொல்லலாம். அல்புமினை டெசிலிட்டர் கணக்கில் எடுத்து 14.89-ஆல் பெருக்குங்கள். இப்போதைய எடையை உகந்த எடையால் வகுத்து 41.7-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டுங்கள். 98-க்கு மேல் கவலையில்லை. 92-க்குக் கீழ் நடுத்தர அபாயம். 82-க்குக் கீழ் கடும் அபாயம். உகந்த எடைக்கு, உயரத்தை மீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி 22-ஆல் பெருக்கினால் போதும்.

155 செ.மீ. உயரமுள்ள ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். உகந்த எடை 52.9 கிலோ. அல்புமின் 3.1. வீக்கத்தோடு வந்தபோது 48 கிலோ. கணக்குப் போட்டால் 84, நடுத்தர அபாயம். நான்கு கிலோ நீர் வடிந்து 44 கிலோவான பிறகு, அல்புமின் அதே 3.1 என்றே வைத்தாலும், 81; கடும் அபாயம். வீக்கம் இருந்தவரை மெலிவு மறைந்திருந்தது. இந்தக் கணக்கையும் டிஸ்சார்ஜ் நாளில்தான் போட வேண்டும் என்பது இதனால்தான். இவருக்கு "உப்பில்லாமல் சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் உப்போடு சாப்பாட்டையும் விட்டுவிடுவார். முட்டை, மீன், பருப்பு, தயிர் எவ்வளவு என்பதையும் எழுதித் தர வேண்டும்.

ட்ரோபோனின்: மாரடைப்பு இல்லாமலும்

இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம் ட்ரோபோனின். வால்-ஹெஃப்ட் என்ற இதயச் செயலிழப்பு ஆய்வின் நோயாளிகளில் பழைய சோதனையில் ட்ரோபோனின் டி தெரிந்தது பத்தில் ஒருவருக்கு. நுண்ணுணர்வுச் சோதனையில் 92% பேருக்கு. நீண்டநாள் இதயச் செயலிழப்பில் தசைச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே இருக்கின்றன. அந்த எண் ஏற ஏற முன்கணிப்பு மோசம். ஆனால் 14 நேனோகிராம் என்ற எல்லையை எழுபதைத் தாண்டிய பலர் எந்த மாரடைப்பும் இல்லாமலே தாண்டுவார்கள். 32 என்று பார்த்ததும் ஆஞ்சியோவுக்கு ஓடாமல், மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். 20%-க்கு மேல் மாறாமல் அதே இடத்தில் நின்றால் பெரும்பாலும் அது பழைய காயம். நிலையாக இருக்கும் நாளில் ஒருமுறை எடுத்து ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தால் அடுத்த அவசரத்தில் பெரிய உதவி.

இங்கே ஒரு கிளைக்கதை தேவை. இதயச்சுவர் தடித்திருக்கிறது, ஈசிஜியில் அலைகள் சின்னதாக இருக்கின்றன, ட்ரோபோனின் எப்போதும் ஏறியே நிற்கிறது, என்டி-ப்ரோபிஎன்பி நிலைமைக்குப் பொருந்தாத உயரத்தில் இருக்கிறது, இரண்டு கை மணிக்கட்டிலும் கார்ப்பல் டனல் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்றால் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் இதயத்தில் படியும் அமிலாய்டு நோயை நினைக்க வேண்டும். முதிய ஆண்களில் இது நினைப்பதைவிட அதிகம். இந்த நோயில் இரண்டே எண்கள் கட்டத்தைச் சொல்லிவிடும். லண்டன் தேசிய அமிலாய்டோசிஸ் மையம் 2018-ல் தந்த முறை: என்டி-ப்ரோபிஎன்பி 3,000-க்குள், வடிகட்டும் வேகம் 45 அல்லது மேல் என்றால் முதல் கட்டம், இரண்டும் தவறினால் மூன்றாம் கட்டம், மற்றவர்கள் இரண்டாவது. பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் முறையே 69, 47, 24 மாதங்கள். டாஃபமிடிஸ் போன்ற மருந்துகள் பரவுவதற்கு முந்தைய எண்கள் இவை.

பளபளப்பான பேனல்கள்

எஸ்டி2, கேலக்டின்-3 இரண்டும் இதயத்தின் அழற்சியையும் தழும்பையும் காட்டும் புதிய குறிகாட்டிகள். எஸ்டி2-வுக்கு எல்லை 35 நேனோகிராம். வயது, எடை, கிட்னி ஆகியவற்றால் அதிகம் அசையாது என்பது அதன் பலம். முதியவர்களுக்குக் கொள்கையளவில் பொருத்தமானது. கேலக்டின்-3-க்கு 17.8. என்டி-ப்ரோபிஎன்பியையும் கிட்னியையும் கணக்கில் சேர்த்ததும் அதன் கூடுதல் பயன் பெரும்பாலும் கரைந்துபோகிறது. இரண்டும் சேர்ந்த பேனலுக்குக் காசு கட்டச் சொன்னால், அந்தப் பணத்தில் ஃபெரிட்டின், நிறைவு, சிஸ்டாட்டின்-சி எடுக்கச் சொல்வேன். அவற்றின் பதிலுக்கு ஏற்ப நாம் செய்ய ஏதாவது இருக்கிறது.

விதிவிலக்கு சிஏ-125. சூலகப் புற்றுநோய்க்கென்று எல்லா லேப்களிலும் இருப்பது. நீர் தேங்கி நுரையீரல் உறை, வயிற்று உறை இழுபடும்போது அந்தச் செல்களும் இதைச் சுரக்கின்றன. ஸ்பெயினின் வலென்சியா குழுவினர் இதை வைத்து லேசிக்ஸ் அளவைத் தீர்மானிக்கும் சான்ஸ்-எச்எஃப் ஆய்வை 2016-ல் வெளியிட்டார்கள், மறுஅட்மிஷன் குறைந்தது. எல்லை 35. ஒரு வாரத்துக்கும் மேல் ரத்தத்தில் தங்குவதால் தினமும் எடுத்துப் பயனில்லை; மாதமொருமுறை போதும். தேக்கமுள்ள மூதாட்டிக்கு 180 என்று வந்தால் உடனே புற்றுநோய் பயம் கிளம்பும். வயிற்று ஸ்கேன் ஒன்று பார்த்துவிட்டு, நீர் வடிந்தபின் மறுபடி எடுத்தால் தெளிவாகிவிடும். நம்மூரில் வயிற்றுக் காசநோயும் இதை ஏற்றும் என்பதை நினைவில் வையுங்கள்.

எண்ணைத் துரத்தலாமா?

என்டி-ப்ரோபிஎன்பியை ஒரு இலக்குக்குக் கீழே கொண்டுவருவதே சிகிச்சை என்று வைத்தால் என்ன ஆகும்? சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் 60 வயதுக்கு மேற்பட்ட 499 பேரிடம் நடந்த டைம்-சிஎச்எஃப் ஆய்வு இதைத்தான் சோதித்தது, 2009-ல் வெளியானது. 75 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பலன் இருந்தது. 75-ஐத் தாண்டியவர்களுக்கு இல்லை. மருந்தைக் கூட்டக் கூட்டத் தலைசுற்றலும் கிட்னிப் பிரச்சினையும்தான் மிச்சம். 1,000-க்குக் கீழ் என்ற இலக்கோடு 894 பேரிடம் நடந்த கைட்-ஐடி 2017-ல் பலனில்லை என்று பாதியில் நிறுத்தப்பட்டது.

பலன் தந்தது எண்ணைத் துரத்தாமல், எண்ணைக் காவலுக்கு வைத்த முறை. 2022-ன் ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்வில் 85 வயது வரையிலான 1,078 பேர். தீவிரக் குழுவில், வீடு திரும்பிய பின் 1, 2, 3, 6-ஆம் வாரங்களில் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மருந்துகளை முழு அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முறையும் சோடியம், பொட்டாசியம், கிட்னி, என்டி-ப்ரோபிஎன்பி. டிஸ்சார்ஜ் எண்ணைவிட அது 10%-க்கு மேல் ஏறியிருந்தால் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைக் கூட்டாமல் லேசிக்ஸைக் கூட்ட யோசித்தார்கள். 180 நாளில் இறப்பு அல்லது மறுஅட்மிஷன் 23.3%-லிருந்து 15.2% ஆனது.

தனி ஒருவரின் ஆயுளை இந்த எண்கள் சொல்லாது. 39,372 நோயாளிகளை வைத்து உருவான மேஜிக் மதிப்பெண் முறையில் 13 அம்சங்கள் இருக்கின்றன. அதில் ரத்தச் சோதனை கிரியேட்டினின் ஒன்றுதான். எத்தனை குறிகாட்டி சேர்த்தாலும் இப்படிப்பட்ட முறைகளின் துல்லியம் முதியவர்களிடம் ஒரு இடத்துக்கு மேல் நகர்வதில்லை. அவர்களில் பலர் இறப்பது நிமோனியா, இடுப்பு எலும்பு முறிவு, கிட்னி என்று வேறு காரணங்களால். நான்கு மீட்டர் நடக்க எத்தனை வினாடி என்பதையும் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஐந்து வினாடிக்கு மேல் ஆனால் தளர்ச்சி என்று கொள்ளலாம்.

ரத்தம் எடுக்கும்போது கெடுவது

பொட்டாசியம் 6.1 என்று வந்து, பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்; மறுநாள் எடுத்தால் 4.8. மெல்லிய நரம்பில் சிரிஞ்சை வேகமாக இழுத்தது, கட்டுப்பட்டையை நெடுநேரம் வைத்தது, விரலை மடக்கி மடக்கித் திறக்கச் சொன்னது எல்லாம் பொட்டாசியத்தை ஏற்றும். கலெக்‌ஷன் சென்டரில் பிரிக்காத ரத்தத்தைப் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஏறும். குளிரில் செல் சுவரின் பம்ப் நின்று பொட்டாசியம் வெளியே கசிகிறது. பிஎன்பிக்கு, ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ போட்ட பிளாஸ்டிக் குழாயும் சில மணி நேரத்துக்குள் சோதனையும் வேண்டும். என்டி-ப்ரோபிஎன்பி அறை வெப்பத்தில் மூன்று நாள் தாங்கும். சிற்றூரிலிருந்து நகரத்து லேபுக்குப் போகும் மாதிரிகளுக்கு அதுவே சரி.

படுத்திருப்பவருக்கு எடுத்த ஹீமோகுளோபினும் அல்புமினும், நடந்து வந்து உட்கார்ந்து கொடுத்ததைவிடக் கிட்டத்தட்ட 10% வரை குறைவாக இருக்கலாம். முடி கொட்டாமலிருக்க 5 அல்லது 10 மி.கி. பயோட்டின் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சில கருவிகளில் ட்ரோபோனினும் என்டி-ப்ரோபிஎன்பியும் பொய்யாகக் குறையும். இரண்டு நாள் நிறுத்திவிட்டு எடுக்கலாம். எந்தக் கோளாறும் இல்லாமலே என்டி-ப்ரோபிஎன்பி 25% வரை தானாக ஆடும் என்பதால் 2,100-க்கும் 2,400-க்கும் இடையில் எதையும் தேடாதீர்கள்.

நடைமுறையில் எப்படி? கிளம்பும் நாள் காலையில்: என்டி-ப்ரோபிஎன்பி, யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், சிபிசி, அல்புமின், எடை. அந்த அட்மிஷனில் எடுக்கவில்லை என்றால் ஃபெரிட்டினும் நிறைவும். ஒரு வாரத்தில் யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம். மருந்து அளவு மாறும் ஒவ்வொரு முறையும் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் அதையே மறுபடி. ஆறாவது வாரம் என்டி-ப்ரோபிஎன்பி, முடிந்தவரை அதே லேபில். நிலையாக இருப்பவருக்கு மாதாமாதம் அது வேண்டாம். எடை மெஷின் போதும், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் போன் செய்ய வேண்டும். படுக்கையிலேயே இருந்து, இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று குடும்பம் முடிவெடுத்தவருக்கு பேனல் எதுவும் தேவையில்லை. லேசிக்ஸ் அளவை மாற்றும்போது மட்டும் பொட்டாசியமும் கிரியேட்டினினும், அதுவும் அந்தப் பதிலால் மாத்திரை மாறுமென்றால் மட்டும்.